ஏழாவது அறைக்கு எத்தனை கோடு

கூத்தாநல்லூரில் எங்கள் வீடு
ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
நடுவில் ஏழு அறை, ஒரு முற்றம்,
ஒன்றரை அடி கனத்தில் சுவர்கள்.
என் அறை ஏழாவது.

மோடம் முன்கூடத்தில்,
டி.வி.க்கு மேலே, பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பின்னால்
மூன்று கொம்போடு உட்கார்ந்திருக்கிறது.
நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில்
ஷட்டர் போட்டு ஆற்றைப் பிரிப்பதுபோல
அதுவும் பிரித்துக் கொடுக்கிறது:
கொழுந்தனுக்குக் கிரிக்கெட்,
நாத்தனார் மகனுக்குத் துப்பாக்கி விளையாட்டு,
மாமிக்குப் பயான்.
கடைமடைக்கு வந்து சேர்வது
ஒரு கோடு.

குவைத்திலிருந்து கமருதீன் கூப்பிடும்போது
அங்கே எட்டரை, இங்கே பதினொன்று.
என் அறையில் அவர் முகம்
சின்னச் சின்னச் சதுரமாய் உடைந்து
வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.
"கேக்குதா?"
"கேக்குது."
"கேக்குதா?"
ஒன்பது மாதத்தில் நாங்கள்
அதிகம் பேசியது இதைத்தான்.

கூடத்துக்குப் போனால் முகம் தெளிகிறது,
தாடியில் இரண்டு நரைகூடத் தெரிகிறது.
ஆனால் கூடத்தில் எல்லோரும் இருக்கிறார்கள்.
எல்லோரும் ஸலாம் சொல்கிறார்கள்.
மாமி ஃபோனை வாங்கி
சம்பளம் போட்டாச்சா என்று கேட்டுவிட்டுத் தருகிறார்.
அதன்பிறகு நான் என்ன கேட்க?
என்ன சாப்பாடு என்றேன்.
சோறும் மீனும் என்றார்.
என்ன மீன் என்று
நாலு பேர் கேட்டார்கள்.

கேபிள்காரர் பன்னீர்
சுவரைத் தட்டித் தட்டிப் பின்னால் வரை வந்தார்.
"அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டும்மா,
அலை உள்ள போயி அங்கேயே படுத்துக்கும்.
நாலாவது ரூம்ல இரும்பு பீரோ வேற,
ஆளுயரக் கண்ணாடியோட."
நடுவில் ஒரு பெட்டி வைத்தால்?
"அது வாங்குறதே பாதி, குடுக்குறது கால்.
ஒயர் இழுத்து, கடைசில இன்னொண்ணு வைங்க."
மாமி குறுக்கே வந்தார்:
"எதுக்கு? கூடத்துலதான் நல்லாக் கேக்குதே."
பன்னீர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அதிராம்பட்டினத்தில் கல்யாணம்.
எல்லோரும் ஒரே வேனில்.
எனக்குத் தலைவலி.

பிளவுஸ் தைத்த காசு ஆயிரத்து நூறு,
பழைய மோடம் ஒன்று,
நாற்பது மீட்டர் நீல ஒயர்.
ரோஜாவை எடுத்து அலமாரியில் வைத்தேன்.
ஃபோனைக் கையில் ஏந்தி அறை அறையாக நடந்து
வாசற்காலில் சாக்பீஸால் எழுதினேன்:
நாலு, நாலு, மூணு,
பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒன்று.
பீரோவை நகர்த்த முக்கால் மணி நேரம்.
பின்னால் சுவரில் ஒரு ஓட்டை,
எப்போதோ குழாய் போன வழி.
பல்லி விலகிக்கொண்டது.
ஒயர் நுழைந்தது.
முற்றத்தின் ஓரமாக இழுத்துக் கட்டி
முடிக்கும்போது இஷாவுக்குப் பாங்கு.

வந்ததும் மாமி பார்த்தார்.
"இது என்ன புதுக் கொடி?"
துணி காயப்போட, என்றேன்.
நிரூபிக்க ஒரு துண்டும் போட்டேன்.

பதினொன்று.
கதவைத் தாழிட்டேன்.
நாலு கோடு.
எப்போதும் ஃபோனை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பவர்
அன்று எதிலோ சாய்த்து வைத்திருந்தார்.
முழுதாகத் தெரிந்தது:
அவருக்குப் பின்னால் மாடிக் கட்டில்,
மேலே தொங்கும் யாருடையவோ பாதம்,
பக்கத்தில் ஒருவர் வெங்காயம் நறுக்குகிறார்,
இன்னொருவர் என் பக்கம் பார்த்து
சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.
ஆறு பேர்.

கதவு சாத்தியிருக்கா, என்று கேட்டார்.
சாத்தியிருக்கு.
உன்கூடப் பேசணும், என்றார், மெதுவாக.
பேசுங்க.
இரு, படிக்கட்டுக்குப் போயிடுறேன்.

செருப்புச் சத்தம்.
இரும்புக் கதவு திறக்கும் சத்தம்.
நெற்றி சதுரமாயிற்று, பிறகு கண்.
என் பக்கம் நாலு கோடும் அப்படியேதான் இருந்தன.

"கேக்குதா?" என்றேன்.